உன் பாவாடையைக் கட்டிக்கொண்டு நான் சொன்னது

என் கள்ளி ரூபிக்கு,

நலமா என்று உன்னிடம் கேட்க முடியாது. நான் நலம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். உன் ரகசியத்தைச் சொல்லிவிட்டேன் ரூபி. உன் வீட்டுக் கூடத்தில், உன் அம்மா, அப்பா, பூசாரி, பாதி லயன் சனம் எல்லோரும் பார்க்க, ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டேன்.

கோபப்படு. ஆனால் முழுவதும் படித்துவிட்டுக் கோபப்படு. நாம் இரண்டு பேரும் குசுகுசுவென்று பேசியதெல்லாம் போதும், அதனால்தான் இதை ஊர் படிக்கும்படி எழுதுகிறேன்.

முதலில் ஊர்ச் செய்தி. எஸ்.பி.எம். பரீட்சை முடிவு வந்தது. எனக்குக் கணக்கு தேறிவிட்டது, சத்தியமாக. தானா ராத்தா டவுன் பள்ளியில் படிவம் ஆறு வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். பஸ்ஸில் ஜன்னல் சீட் தினமும் எனக்கே கிடைக்கிறது, சண்டை போட ஆளில்லை. தேயிலை எஸ்டேட் ரோட்டில் மண் சரிந்த இடத்தில் இப்போது வலை அடித்துச் சிமெண்டு பூசியிருக்கிறார்கள். அந்த இடம் வந்தால் என் செருப்பைப் பார்த்துக்கொண்டே நடக்கிறேன்.

அந்தச் சனிக்கிழமையில் பாதி உனக்குத் தெரியும். மீதிப் பாதி நீ போன பிறகு நடந்தது. உனக்காக மட்டுமில்லை, இதைப் படிக்கிறவர்களுக்காகவும் முதலிலிருந்து சொல்கிறேன்.

லயன் வரிசையில் உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். இரத்த உறவு இல்லாவிட்டாலும் உன் அப்பா எனக்குப் பெரியப்பா, உன் அம்மா பெரியம்மா. சனிக்கிழமையானால் நாம் தானா ராத்தா லைப்ரரிக்குப் படிக்கப் போகிறோம் என்று இரண்டு வீட்டிலும் நம்பிக்கொண்டிருந்தார்கள். நான் உண்மையாகவே போனேன். நீதான் பாதி வழியில் கியா பார்மில் இறங்கிவிடுவாய். அங்கே ஒரு ஸ்ட்ராபெரி கடையில் தினேஷ் நிற்பான். கம்போங் ராஜா ஊர்ப் பையன், நம்மைவிட ஒரு வயது மூத்தவன், சனி ஞாயிறில் அவன் மாமா கடையில் வேலை. நான் திரும்பி வரும் நான்கு மணி பஸ்ஸில் நீ கியா பார்மில் ஏறிக்கொள்வாய். கையில் ஒரு சின்ன டப்பா ஸ்ட்ராபெரி இருக்கும். பஸ் ஸ்டாண்டில் வாங்கினோம் என்று வீட்டில் சொல்வோம். எட்டு சனிக்கிழமை இப்படி ஓடியது.

அதற்காக நீ போட்ட நாடகம் இருக்கிறதே! உன் அப்பாவுக்குச் சந்தேகம் வரக்கூடாது என்று, போகமாட்டேன் என்று அடம்பிடிப்பாய். அவர் திட்டி அனுப்புவார். அவரே அனுப்பிவிட்டு அவரே எப்படிச் சந்தேகப்படுவார்? உன் மூளையைப் படிப்பில் காட்டியிருந்தால் நீ எங்கேயோ போயிருப்பாய்.

அன்றைக்கு விடிந்ததிலிருந்து தூறல். நீ நாடகத்தைக் கொஞ்சம் கூடுதலாகவே போட்டாய். "வயிறு வலிக்குதுப்பா. மழை வேற. இன்னிக்கு ஒரு நாள் விடுங்கப்பா" என்று கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"விடுங்களேன், பிள்ள மூஞ்சியே சரியில்ல" என்றார் பெரியம்மா.

"எஸ்.பி.எம்.முக்கு ரெண்டு மாசம்தான் இருக்கு. என்னைய மாதிரி கொழுந்து வெட்டுற மெஷின் தூக்கப் போறாளா? கெளம்பச் சொல்லு லா." பெரியப்பா பையை எடுத்து உன் தோளில் அவரே மாட்டிவிட்டார். நீ விசும்பிக்கொண்டே படி இறங்கினாய். கோயில் தாண்டி முக்குத் திரும்பியதும் என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "எப்படிடி நம்ம ஆக்டிங்?"

உனக்கு அந்தக் கண்ணீர் தேவையாடி ரூபி? சும்மா தலைவலி என்று சொல்லியிருக்கக் கூடாதா?

நான்கு மணி பஸ் கியா பார்மில் நின்றபோது நீ ஏறவில்லை. மழை கொட்டியது. எஸ்.பி.எம். முடியாமல் போன் கிடையாது என்று உன் வீட்டில் சட்டம், கூப்பிட்டுக் கேட்கவும் வழியில்லை. பேச்சு சுவாரசியத்தில் பஸ்ஸை விட்டுவிட்டாய் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேதான் வந்தேன். "நோட்ஸ் எழுதி முடிக்கல, அடுத்த பஸ்ல வர்றேன்னா" என்று பெரியம்மாவிடம் சொல்லிவிட்டு, உடை மாற்றி மைலோ குடித்தேன். நீ அடுத்த பஸ்ஸில்தான் வந்தாய். பெரிய ரோட்டில் இறங்கித் தனியாக நடந்து வந்தாய். அப்போதுதான் உன் மேல் மண் இறங்கியது.

நான் பஸ் ஸ்டாப்பிலேயே உனக்காகக் காத்திருந்தால்? இரண்டு பேரும் சேர்ந்தே போயிருப்போமா? இல்லை, ஏண்டி லேட்டு என்று சண்டை போட்டுக்கொண்டே ஐந்து நிமிடம் தாமதித்துத் தப்பித்திருப்போமா?

அதற்குப் பிறகு எல்லோரும் என்னைத்தான் கேட்டார்கள். நானும் அதே பொய்யைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். லைப்ரரி, நோட்ஸ், லைப்ரரி, நோட்ஸ். உன் பேரைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். "படிக்கப் போன பிள்ள. ஒரு பையன ஏறெடுத்துப் பாத்திருப்பாளா?" என்று லயனில் பேசிப் பேசி உன்னை எங்கேயோ கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். இறுதிச் சடங்கு அன்று தினேஷ் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு கோயில் ஓரமாக நின்றான். கிட்டே வராதே என்று நான்தான் தலையை ஆட்டினேன். அழக்கூட முடியாமல் மோட்டாரில் ஏறிப் போய்விட்டான். இதற்காக நீ என்னை அறையலாம்.

இனி உன் அப்பா கதை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகு பெரியம்மா அவரிடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "அழுத பிள்ளய அனுப்பினீங்களே." அதோடு சரி. சோறு போடுவார், துணி துவைப்பார், பேச்சு மட்டும் இல்லை. காலையில் வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டில் கிராணி பேர் கூப்பிட்டால் பெரியப்பா இரண்டாவது தடவைதான் "இருக்கேங்க" என்பாராம். என்னை வழியில் பார்த்தால் நிறுத்துவார்.

"ஏம்மா பவி, பஸ்ல போறப்ப அவளுக்கு வயித்து வலி கொறஞ்சுச்சா?"

"கொறஞ்சிடுச்சு பெரியப்பா."

அடுத்த வாரம் மறுபடி அதையே கேட்பார். நானும் அதையே சொல்லிவிட்டு ஓடிவிடுவேன். இல்லாத வயிற்று வலிக்கு ஒரு மனிதர் ஒரு வருடம் பதில் தேடினார் ரூபி. அந்தப் பதிலை நான் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். உன் பேரைக் காப்பாற்ற நினைத்து உன் அப்பாவை உயிரோடு புதைத்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் உனக்கு ஒரு வருடம். கல்யாணமாகாமல் போன பெண்ணைக் கன்னி தெய்வமாகக் கும்பிடுவது உங்கள் வீட்டு வழக்கம் என்று உனக்கே தெரியும். இப்போது நீதான் கன்னி. உனக்கு எடுத்த புதுப் பாவாடை தாவணியை உன் வயதுப் பெண் ஒருத்தி கட்டிக்கொண்டு படையல் முன்னால் உட்கார வேண்டுமாம். பெரியம்மா எங்கள் வீட்டுக்கு வந்து என் கன்னத்தைத் தடவினார். "நீதாம்மா கட்டணும். வேற யாரு இருக்கா அவளுக்கு?" நான் எப்படி மாட்டேன் என்பேன்?

ரோஸ் கலர் பாவாடை. நீ பார்த்திருந்தால் தூக்கி எறிந்திருப்பாய். இலையில் சர்க்கரைப் பொங்கல், மீ கோரெங் நூடுல்ஸ், ஒரு டப்பா ஸ்ட்ராபெரி. பழத்தைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பெரியப்பா வீட்டுக்குள் வரவில்லை. வாசலுக்கு வெளியே கால்வாய் ஓரத்தில் மழையில் நின்றிருந்தார்.

"அப்பங்காரன் வந்து சூடம் காட்டட்டும்" என்றார் பூசாரி.

"அவரு கை படக்கூடாது" என்றார் பெரியம்மா.

அதைக் கேட்டதும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்தேன். அடக்க அடக்க உடம்பு குலுங்கியது. "கன்னி எறங்கிட்டா!" என்று யாரோ கத்தினார்கள். பூசாரி உடுக்கையை வேகமாக அடித்தார். தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். பெரியம்மா என் காலில் விழுந்துவிட்டார். "ஏம்மா என்னைய விட்டுப் போன? ஒன்ன அழ அழ அனுப்புன மனுசன நான் என்ன செய்யணும்? நீயே சொல்லு தாயி."

எவ்வளவு சுலபம் பார் ரூபி. உன் குரலில், "அப்பா மேல தப்பில்ல, உள்ள விடு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கன்னி வாக்கை யார் மறுக்கப் போகிறார்கள்? பெரியப்பா உள்ளே வந்துவிடுவார். உன் ரகசியம் பத்திரமாக இருக்கும். நானும் நல்ல பிள்ளையாகவே இருந்திருப்பேன். வாய் வரைக்கும் வந்துவிட்டது.

ஆனால் உன் அம்மா என் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அந்தக் கை சூடாக இருந்தது. அப்படிப் பிடித்துக்கொண்டு கேட்கிறவரிடம் இன்னொரு பொய் சொல்ல என்னால் முடியவில்லை. அதுவும் உன் வாயால்.

"பெரியம்மா, எந்திரிங்க. நான் ரூபி இல்ல. பவி."

உடுக்கை நின்றது. நான் சொல்ல ஆரம்பித்தேன். கியா பார்ம், தினேஷ், எட்டு சனிக்கிழமை, அடுத்த பஸ், நோட்ஸ். தலையிலிருந்து மஞ்சள் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது, கண்ணைத் துடைக்கக்கூட இல்லை. பெரியம்மா என்னை அடிக்கவில்லை. தாவணி முந்தானையைப் பிடித்து இழுத்தார்.

"கழட்டுடி. எம் பிள்ள துணியக் கழட்டு. நீ சொன்ன பொய்யாலதான் அவ தனியா வந்தா."

அதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை.

அப்போதுதான் பெரியப்பா வாசற்படி ஏறி உள்ளே வந்தார். சட்டையெல்லாம் ஈரம். தினேஷைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

"வயித்து வலி?"

"பொய் பெரியப்பா."

"கண்ணுல தண்ணி வந்துச்சே?"

"அதுவும் நடிப்புதான். கோயில் முக்குத் திரும்புனதும் சிரிச்சா. எப்படி நம்ம ஆக்டிங்னு என்னையக் கேட்டா."

"சிரிச்சாளா?"

"பஸ் வர்ற வரைக்கும் சிரிச்சா பெரியப்பா."

அவர் அப்படியே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார். "என்னையவே ஏமாத்திட்டாளே கழுத" என்று சிரித்தார். உன் சாவுக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். அந்தச் சிரிப்பு பாதியிலேயே அழுகையாக மாறிவிட்டது. ஆண்பிள்ளை அப்படி அழுது நான் பார்த்ததில்லை. பூசாரி தலையைக் குனிந்துகொண்டு வெளியே போய்விட்டார்.

அன்றிலிருந்து எனக்கு நேரம் சரியில்லை. அம்மா நன்றாக நாலு வைத்தாள். போனைப் பிடுங்கிக்கொண்டாள். லயனில் மற்றப் பெண்களை என்னோடு பஸ் ஸ்டாப்புக்கு அனுப்புவதில்லை. பெரியம்மா என்னைக் கண்டால் கதவைச் சாத்துகிறார். ஆனால் போன வெள்ளிக்கிழமை உன் படத்துக்குச் சூடம் காட்டும்போது, தட்டைப் பெரியப்பா கையில் கொடுத்தாராம். அவர் மேல் வைத்திருந்த கோபத்தை எடுத்து என் மேல் வைத்துவிட்டார் போலிருக்கிறது. வைக்கட்டும் ரூபி. அது சேர வேண்டிய இடம் இதுதான். எனக்கு வலிக்கிறது, உன் அம்மா கையால் சோறு வாங்கிச் சாப்பிட ஏங்குகிறது, ஆனாலும் தாங்கிக்கொள்வேன்.

உன்னைத் தெய்வமாக வைத்திருந்த பீடத்திலிருந்து நான் இறக்கிவிட்டேன். உனக்கு அதில் வருத்தமா? நீ அங்கே சும்மா உட்கார்ந்திருக்க மாட்டாய் என்றுதான் எனக்குப் படுகிறது.

நேற்று பெரியப்பா வழியில் நிறுத்தினார். நான் பயந்துவிட்டேன்.

"அந்தப் பையன் இன்னும் அந்தக் கடையிலதான் இருக்கானா?"

"இருக்கான் பெரியப்பா."

"சனிக்கெழம என்னையக் கூட்டிட்டுப் போறியாம்மா? திட்றதுக்கு இல்ல லா." தேயிலைப் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார். "எனக்குத் தெரியாத ரூபி கொஞ்சம் அவன்கிட்ட இருக்கா. அவ அங்க என்ன பேசுவா, எதுக்குச் சிரிப்பான்னு கேட்டுட்டு வந்துர்றேன்."

சரி என்றேன்.

ஆகவே, கேட்டுக்கொள் ரூபி. பெரியம்மா எத்தனை முறை சாத்தினாலும் தினமும் போய் அந்தக் கதவைத் தட்டுவேன். சனிக்கிழமை உன் அப்பாவைக் கியா பார்முக்குக் கூட்டிப் போவேன். தினேஷ் பயந்து ஓடினால் துரத்திப் பிடித்து முன்னால் நிறுத்துவேன். அவர்கள் இரண்டு பேரும் பேசட்டும், அழட்டும், எவ்வளவு நேரமானாலும் ஆகட்டும். நான்கு மணி பஸ் போனால் போகிறது. அடுத்த பஸ் வரும்வரை காத்திருந்து, அந்த ரோட்டில் அவரோடு நான் நடந்து வருவேன்.

பெரியம்மா இப்போது ஒத்துக்கொள்ளாவிட்டாலும்,
உன் தங்கச்சிதான்,
பவித்ரா