வராந்தாவுக்கு இரண்டு ஸ்பீக்கர்

என் வாயாடி மகளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் சுகம். சுகம் என்றுதான் ஆரம்பிக்க வேண்டும், மீதியைப் படித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள். வேளைக்குச் சாப்பிடுகிறாயா? ஆய்வுக்கூடத்துக் குளிரில் ஸ்வெட்டர் போடுகிறாயா? போடுகிறேன் என்று பொய் சொல்லாதே, போன வாரம் வீடியோவில் பார்த்தேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிப்பாய். உன் அப்பா போனை எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுகிறார். நான் உன்னோடு பேச எடுத்தாலும் வாங்கி ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறார். அவரைப் பற்றி அவர் எதிரிலேயே எப்படிக் குறை சொல்வது? பல் கிளினிக்கிலிருந்து பேசலாம் என்றால், என் வரவேற்பு மேஜைக்கு முன்னால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு வரிசையே உட்கார்ந்திருக்கிறது. பல் வலிக்காரர்களுக்குப் பொழுதுபோக்கு வேண்டும், அதற்கு நம் குடும்பம்தானா கிடைத்தது?

முதலில் ஸ்பீக்கர் சமாச்சாரம். முன் வராந்தாவில் பாட்டுக் கேட்க ஏதாவது மாட்டலாம் என்று சொன்னேன் இல்லையா, நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். அழகுதான். ஆனால் அந்த விலைக்குப் பாடுகிறவரையே வீட்டுக்கு அழைத்து உட்கார வைக்கலாம். நான் வாங்கித் தருகிறேன் என்று ஆரம்பிக்காதே. உன் வாடகையை நீ கட்டு, அது போதும்.

ஹாலில் இருந்த பழைய ஸ்பீக்கர் பெட்டியைத்தான் முதலில் வெளியே வைத்தோம். மேலே கூரை இருக்கிறதே, நனையாது என்றார் உன் அப்பா. மழை என்ன இவரைக் கேட்டுக்கொண்டா நேராக விழும்? காற்றடித்ததும் சாரல் பக்கவாட்டில் வந்து அடித்தது. பெட்டிக்குச் சளி பிடித்துவிட்டது. இப்போது பாட்டுக்கு நடுவில் இருமுகிறது.

எலக்ட்ரிக்கல் கடைக்காரரிடம் போய்க் கேட்டேன். நல்ல மனிதர், தலையில் கட்டப் பார்க்கவில்லை. 'தண்ணிக்குள்ள முக்கினாலும் பாடுற பெட்டி உங்களுக்கு எதுக்குக்கா? கூரை இருக்கு, சாரலும் தூசியும் தாங்கினா போதும்' என்றார். அட்டைப்பெட்டியின் மேல் இரண்டு எண் சேர்த்துப் போட்டிருக்கிறது. முதல் எண் தூசிக்காம், இரண்டாவது தண்ணீருக்காம். முன்னால் இருக்கும் வலை இரும்பாக இருந்தால் துருப்பிடித்துவிடும், அலுமினியம் என்றால் நிற்கும் என்றார். கைக்கு அடக்கமான விலையில் ஒரு ஜோடி காட்டினார், சுவரில் மாட்டும் கொக்கியும் அதோடு வருகிறது. நீ சரி என்றால் வாங்கிவிடுவேன்.

இனி குறை. அச்சகத்தில் வேலை பார்த்தவரைக்கும் உன் அப்பா மாலையில் வந்ததும் வராந்தாவில் என்னோடு உட்கார்ந்து டீ குடிப்பார், மெஷின் நின்றது, மேலாளர் திட்டினார் என்று ஏதாவது சொல்வார். ஓய்வு பெற்ற பிறகு இன்னும் நிறையப் பேசுவார் என்று நினைத்தேன். எங்கே? நான் பேசுவேன், அவர் தலையை ஆட்டுவார். ஒரு கேள்வி கேட்டால் சிரிக்கிறார். செவிடன் காதில் ஊதிய சங்குதான். இத்தனை வருஷம் கேட்டது போதும், இவள் பேச்சு அலுத்துவிட்டது என்று ஆகிவிட்டதோ என்னவோ.

எங்கள் பல் டாக்டருடைய அப்பா, மனைவி போன பிறகு, பல்லில் ஒன்றும் இல்லாமலேயே தினம் கிளினிக்குக்கு வந்து என் எதிரில் உட்கார்ந்திருக்கிறார். நாலு மனிதக் குரல் கேட்கத்தான் வருகிறாராம். அதைப் பார்த்துவிட்டு வந்த அன்று மனசு தாங்காமல் உன் அப்பாவிடம் சொன்னேன்: 'நம்ம ரெண்டு பேர்ல யாராவது முன்னாடி போகணும்னா நானே போயிடுறேங்க. தனியா இருக்க என்னால முடியாது.' அவர் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, 'ஆமா ஆமா, அப்படியே செஞ்சிடு' என்றார்!

குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடம்தான் சொல்கிறேன். அதற்குத்தான் இந்த ஸ்பீக்கர். மனிதர் பேசாவிட்டால் போகிறது, பாட்டாவது பேசட்டும்.

சளி பிடித்தால் மாத்திரையைத் தேடாதே, முதலில் வெந்நீர் குடி.

அன்புடன்,
உன் அம்மா


என் தங்கத்துக்கு,

நீ பதறிப்போய் எழுதிய பதில் வந்தது. அப்பாவோடு சண்டை போடக் கிளம்பாதே. போட்டிருந்தால் இப்போதே போன் செய்து மன்னிப்புக் கேள். போன கடிதத்தில் ஒரு பழமொழி எழுதினேன் பார், அந்தப் பக்கத்தைக் கிழித்து எறிந்துவிடு. என் வாயில்தான் எப்போதும் சனி.

நடந்ததைச் சொல்கிறேன். அந்த ஜோடியையே வாங்கிவிட்டேன். வயர்மேன் வந்தார். ஒரு பெட்டி வலதுபக்கத் தூணில், சமையலறை ஜன்னல் ஓரமாக. இன்னொன்று இடதுபக்கத் தூணில், கேட்டை ஒட்டி. இதுதான் திட்டம். வேலைக்காரர் என்றால் அப்படி இருக்க வேண்டும். ஒயரை நேராகப் பெட்டிக்குள் விடாமல் கீழே கொஞ்சம் தொங்கவிட்டு மேலே ஏற்றினார், ஒயர் வழியாக வரும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடுமாம். முதல் பெட்டியை வலதுபக்கம் மாட்டி, சத்தத்தை அளவாக வைத்து, உன் அப்பாவை அவருடைய நாற்காலியில் உட்காரச் சொன்னார்.

பாட்டு வந்தது. கண்ணாடி மாதிரி இருந்தது, ஒவ்வொரு வார்த்தையும் தெளிவு. உன் அப்பா முகத்தைச் சுளித்தார். 'ஒரே இரைச்சலா இருக்கு, வார்த்தையே புரியல. பெட்டி கோளாறு, மாத்திக் குடுக்கச் சொல்லு' என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. நான் எது வாங்கினாலும் இவருக்குக் கோளாறுதானா என்று கேட்கத்தான் வாயெடுத்தேன். அதற்குள் வயர்மேன், உன் அப்பா கவனிக்காத நேரத்தில், அதே பெட்டியைக் கழற்றிக் கொண்டுபோய் இடதுபக்கம் பிடித்துக் காட்டினார். உன் அப்பா முகம் மலர்ந்துவிட்டது. 'இது பெட்டி! இதையே வச்சுக்கலாம், அத திருப்பிக் குடுத்துடு' என்றார்.

அதே பெட்டிடா கண்ணு. அதேதான்.

வயர்மேன் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அவர் ஏதோ சொல்ல வந்தார், நான் வேண்டாம் என்று தலையசைத்தேன். வராந்தாவில் என் நாற்காலி எப்போதும் அவருக்கு வலதுபக்கம். மாலை மாலை நான் பேசியதெல்லாம் அந்தக் காதில்தான். அச்சகத்தில் அந்த ராட்சச மெஷினும் அவருக்கு வலதுபக்கம்தான் நின்றது, நீயும் பார்த்திருக்கிறாய். பக்கத்தில் போனாலே நீ காதைப் பொத்திக்கொள்வாய். அவர் பொத்திக்கொள்ளவா முடியும்?

ரெண்டையும் இடதுபக்கத் தூணிலேயே மாட்டுங்கள் என்று சொன்னேன். வயர்மேன் மறுபேச்சுப் பேசாமல் ஒன்றின் கீழ் ஒன்றாக மாட்டினார், மழைத் தண்ணீர் மேலே தங்காதபடி கொஞ்சம் சாய்த்து. பார்க்கிறவர்கள் இந்த வீட்டில் யாருக்கோ மூளை பிசகிவிட்டது என்றுதான் நினைப்பார்கள். நினைக்கட்டும்.

வயர்மேன் போனதும் என் நாற்காலியைத் தூக்கி உன் அப்பாவுக்கு இடதுபக்கம் போட்டுக்கொண்டேன். 'என்ன இது, புது இடம்?' என்றார். இங்கேதான் காற்று வருகிறது என்றேன். பிறகு, அன்றைக்குச் சொன்னேனே, அதையே அப்படியே திரும்பச் சொன்னேன். நானே முன்னாடி போயிடுறேங்க என்று.

அவர் எழுந்து பாட்டை நிறுத்தினார். 'என்ன பேச்சு பேசுற நீ? போறதாம்ல, போறது!' என்று கத்தினார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இதை ஏற்கெனவே சொல்லிவிட்டேன், அதற்கு நீங்கள் அப்படியே செஞ்சிடு என்றீர்கள் என்றேன். மனிதர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

பிறகு சொன்னார். வலது காது கேட்கவில்லை என்று போன வருஷமே தெரியுமாம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். 'சொன்னா நீ பேசுறத நிறுத்திடுவியோன்னு பயமா இருந்துச்சு. வார்த்தை புரியலன்னா என்ன, நீ பேசிட்டே இருக்கேன்னு தெரியும்ல. அது போதும்னு தலையாட்டிட்டு இருந்தேன்' என்றார். என் பேச்சு அலுத்துவிட்டது என்று நினைத்தேனே, என்னை என்ன செய்தால் தகும்!

மறுநாளே காது டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். வலது காது இனி திரும்பாதாம். பல வருஷ இரைச்சலில் நரம்பே போய்விட்டதாம். இடது காதிலும் தொடங்கிவிட்டது என்று சொன்னார். காதுக்கு மெஷின் வைத்தால் உதவும், ஆனால் இப்போது கேட்பது போல எத்தனை நாளைக்கு என்று தன்னால் உறுதி சொல்ல முடியாது என்றார். உன் அப்பா வழக்கம்போலத் தலையை ஆட்டினார். இந்தத் தடவை எல்லாம் கேட்டுத்தான் ஆட்டினார்.

இப்போது மாலையில் இரண்டு பேரும் உட்காருகிறோம். பாதி நேரம் பாட்டை நிறுத்திவிட்டு என்னைப் பேசச் சொல்கிறார். பேசுகிறேன். நீ வகுப்பில் பேசி மாட்டிக்கொண்ட கதைகளை எல்லாம் முதல்முறை கேட்பதுபோலக் கேட்கிறார். நேற்று, உன் குரல் போனில் வேறு மாதிரி இருக்கிறது, நேரில் இன்னும் கொஞ்சம் கனமாக இருக்கும் இல்லையா என்று கேட்டார். ஆமாம் என்றேன். பிறகு எழுந்து உள்ளே போய்விட்டார்.

உனக்கு வேலை இருக்கிறது, எனக்குத் தெரியும். நல்லபடியாக இரு, நினைத்ததெல்லாம் நடக்கட்டும். அவசரம் ஒன்றும் இல்லை, லீவு கிடைக்கும்போது வா. சீக்கிரம் கிடைக்கட்டும், கண்ணே.

உன் அம்மா