கார்டில் மூன்றாவது பெயர்

மரியே வாழ்க

செக்காலை, காரைக்குடி
17.10.1999

அன்பு மகன் இமானுவேலுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் ரீனாவும் மாதா புண்ணியத்தில் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீ சுகமா என்று ஒவ்வொரு கடிதத்திலும் கேட்பேன், சுகம் என்று நீயும் பதில் எழுதுவாய். இந்தத் தடவை கேட்கப்போவதில்லை. நீ எழுதியதெல்லாம் பொய் என்று தெரிந்துபோயிற்று. கோபத்தில்தான் எழுதுகிறேன், எழுத்து கிறுக்கலாக இருந்தால் நிதானமாகப் படி, பாதியில் மடித்து வைக்காதே.

இந்த மாதம் முதல் வாரம் உன் கம்பெனியிலிருந்து ஒரு பார்சல் வந்தது. ஒரு பீங்கான் கப்பும் ஒரு கடிதமும். வேலை செய்கிறவர்களின் பெற்றோருக்கெல்லாம் அனுப்புகிறார்கள்போல. ரீனா படித்துச் சொன்னாள். மேனி எங்கள் குடும்பத்தில் ஒருவர், அவரை எங்களுக்குத் தந்ததற்கு நன்றி என்று எழுதியிருந்தது. யாருடி மேனி என்று கேட்டேன், அண்ணனைத்தான் அங்கே அப்படிக் கூப்பிடுகிறார்கள் என்றாள். கப்பிலும் அதுதான் அச்சடித்திருந்தது. அன்றைக்கு எனக்குப் பெருமைதான், மறைக்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கம்மாளிடம் கொண்டுபோய்க் காட்டினேன், மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் அந்தக் கப்பை வைத்தேன். புத்தி கெட்டவள் நான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை உன்னோடு ஒரே வீட்டில் தங்கியிருக்கும் அழகுசுந்தரம் வந்தது. அது வேறு கம்பெனியாம், லீவு கிடைத்து அமெரிக்காவிலிருந்து மதுரைக்கு வந்த பிள்ளை, நீ கொடுத்த செண்டு பாட்டிலையும் சாக்லேட்டையும் கொடுக்க பஸ் ஏறி வந்திருக்கிறது. சோறு போட்டேன். சாப்பிட்டுக்கொண்டே இருந்த பிள்ளை கையை நிறுத்திவிட்டு, அம்மா, சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிருக்கான், ஆனா சொல்லாமப் போனா எனக்குத் தொண்டையில எறங்காது என்றது. ஏழு நாளும் ஆபீஸாம் உனக்கு. அந்தக் காலத்தில் கம்ப்யூட்டரில் வருடத்தை ரெண்டே எண்ணில் எழுதி வைத்துவிட்டார்களாம், ரெண்டாயிரம் பிறந்தால் அது ஆயிரத்துத் தொள்ளாயிரமா ரெண்டாயிரமா என்று குழம்பிவிடுமாம், அதை வரிவரியாகத் தேடி நாலு எண்ணாக மாற்றுவதுதான் உன் வேலையாம். காலையில் ஆபீஸ் வாசலில் காரை நிறுத்திவிட்டு இறங்க முடியாமல் அரைமணி நேரம் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறாயாம். வீட்டில் மூன்று வாரமாக அந்தப் பிள்ளையிடம்கூட நீயாக வாய் திறக்கவில்லையாம். ஏன்டா சாப்பிடலன்னு கேட்டா, சாப்பிட்டுட்டேனா இல்லையான்னு என்னையவே திருப்பிக் கேக்குறான்மா என்று சொன்னது.

இதையெல்லாம்கூட நான் கல்லு மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் போவதற்கு முன்னால் ரெண்டு பூசைக்குப் போகிறான் என்றது. பக்தி வந்துவிட்டது என்று நினைத்தேன். பூசையில் சமாதானம் சொல்லிக்கொள்ளும்போது நாம் இங்கே கைகூப்புகிறோம், அங்கே பக்கத்தில் நிற்கிறவர்கள் கையைப் பிடித்துக் குலுக்குவார்களாமே. அந்த ஒரு கைக்காகத்தான் ரெண்டு தடவை போகிறாயாம். வாரம் பூராவும் மனுசன் கை படுறது அந்த நேரம் மட்டும்தான்டான்னு ஒருநாள் எங்கிட்டச் சொன்னான்மா என்று அந்தப் பிள்ளை சொல்லிவிட்டு இலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்பா மோட்டாரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனார். நம் கிணற்று மோட்டார் ரிப்பேருக்குப் போய் அன்றைக்கே நாலு நாளாகியிருந்தது, அங்கே என்னத்தைப் பார்த்தாரோ.

குடும்பமாம். எந்தக் குடும்பத்தில் பிள்ளை சாப்பிட்டானா என்று கேட்க ஆள் இல்லை? லீவு கேட்டதற்கு ஜனவரி முடியும்வரை யாருக்கும் கிடையாது என்று சொன்னார்களாம். உனக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயருக்குக் கடவுள் நம்மோடு என்று அர்த்தம். அதை வாயில் நுழையவில்லை என்று வெட்டி மேனி ஆக்கியிருக்கிறார்கள். மேனி என்றால் நம்மிடத்தில் உடம்பு. சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள், உன் உடம்பு மட்டும்தானே அவர்களுக்கு வேண்டியிருக்கிறது. அந்தக் கப்பை மாதா பக்கத்திலிருந்து எடுத்துவிட்டேன். அப்பா அதில் சவரத் தண்ணீர் வைத்துக்கொள்கிறார்.

அவர்களை மட்டும் திட்டினால் நான் யோக்கியமில்லை. ஜூலை மாதம் நீ மாயக்கண்ணன் டெலிபோன் பூத்துக்குப் போன் பண்ணி, அம்மா நான் கொஞ்ச நாள் வந்து இருந்துட்டுப் போகட்டுமா என்று கேட்டாய். பூத்தில் பின்னால் நாலு பேர் நின்றார்கள். ரீனாவுக்கு மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்த நேரம், அமெரிக்காவில் இருந்தவன் திரும்பி வந்துவிட்டான் என்று பேச்சு வந்துவிடுமே என்று பயந்தேன். இப்ப எதுக்குய்யா, ஜனவரி வரைக்கும் வேலை நெருக்கடின்னு சொன்னியே, அது கழியட்டும், பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு என்றேன். நீ சரிம்மா என்று வைத்துவிட்டாய். நீ வெடுக்கென்று ரெண்டு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு உறைத்திருக்கும். அந்தச் சரிம்மா இப்போது சோறு வடிக்கும்போதும் துணி துவைக்கும்போதும் காதில் கேட்கிறது. ரீனாவிடம் இதைச் சொன்னேன். அண்ணன் பேரச் சொல்லி எனக்கு மாப்பிள்ளை பாக்காதீக, அப்படி வார மாப்பிள்ளை எனக்கு வேணாம் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாள். அவளிடம் பேச்சு வாங்கியது நியாயம்தான்.

இப்போது கேள். வியாழக்கிழமை ரேஷன் கார்டு சரிபார்க்கத் தாலுகா ஆபீஸிலிருந்து கருத்தையா என்று ஒருவர் வந்தார். கார்டில் நாலு பெயர், அப்பா, நான், மூன்றாவது நீ, அப்புறம் ரீனா. மகன் வெளிநாட்டுல இருக்காப்லன்னு தெருவுல சொன்னாக, பேர அடிச்சிரலாமாம்மா என்று கேட்டு, பதிலுக்குக்கூடக் காத்திராமல் பேனாவைத் திறந்துவிட்டார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. நான் எப்பேர்ப்பட்டவள் என்று உனக்குத் தெரியும். பதினேழு வருடமாகச் சத்துணவு அமைப்பாளராக இருக்கிறேன், நாற்பத்தேழு பிள்ளை வந்தால் பதிவேட்டில் நாற்பத்தேழு என்றுதான் எழுதுவேன், வராத பிள்ளை பெயரில் ஒரு பிடி அரிசி எடுத்ததில்லை. நீ விமானம் ஏறிய மாதத்திலிருந்து ரேஷன் கடையிலும் மூன்று பேருக்கு உள்ள சீனி போதும் என்று நானேதான் சொல்லிவந்தேன். அப்படிப்பட்டவள் அந்தப் பேனா உன் பெயரில் படப்போகும்போது கார்டை வெடுக்கென்று பிடுங்கிவிட்டேன். யாரு சொன்னது வெளிநாடுன்னு, இங்குட்டு கொப்புடையம்மன் கோயில் பக்கம் ஒரு சோலியாப் போயிருக்கான், சாயங்காலம் வந்துருவான் என்றேன். அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டிருந்தவர், ஒரு கையை நுழைத்தபடி அப்படியே நின்றுவிட்டார். கருத்தையா என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடினார். அவருக்குப் புரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். சரிம்மா, பொங்கலுக்கு முன்னாடி இன்னொரு தடவ வருவேன், அப்ப ஆளக் காட்டிருங்க என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் கடைக்குப் போய் உன் பங்கு அரைக்கிலோ சீனியையும் கேட்டு வாங்கினேன். கடைக்காரர் ஏற இறங்கப் பார்த்தார். பார்க்கட்டும். தனி டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன், அதை யாரையும் தொடவிடவில்லை.

அதனால் ஜனவரி வரை நீ காத்திருக்க வேண்டாம். கம்ப்யூட்டரெல்லாம் ஆயிரத்துத் தொள்ளாயிரமாம் வருடத்துக்குப் போகிறதென்றால் போகட்டும், அப்போதும் ஜனங்கள் சோறு தின்றுதான் இருந்தார்கள். இன்னொரு தடவை லீவு கேள், தராவிட்டால் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வா. ஊரில் என்ன சொல்வார்கள் என்று யோசிக்காதே, அந்த யோசனையை நான்தான் உனக்குச் சொல்லிக்கொடுத்தேன், இப்போது நானே வேண்டாம் என்கிறேன். வந்து பத்து நாள் தூங்கு. அதற்கப்புறம் என்ன செய்வது என்பதை அதற்கப்புறம் பேசலாம். ரீனா பேசுவாள், அப்பா பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார், நான் திட்டுவேன். வரும்வரை ராத்திரிக்கு ஒரு பிடி சோறாவது வடித்து ரசம் ஊற்றிச் சாப்பிடு. செண்டு பாட்டில் இனி வாங்காதே, அப்பாவுக்குத் தும்மல் வருகிறது.

இங்கிருந்தபடியே உன் நெற்றியில் சிலுவை போடுகிறேன். சகாய மாதா உன்னைப் பத்திரமாக வாசலில் கொண்டுவந்து விடட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. பதினேழு வருடத்தில் நான் இல்லாத தலையை இருக்கிறது என்று சொன்னது இந்த ஒரு தடவைதான். சாயங்காலம் வந்துருவான் என்று சொல்லியிருக்கிறேன், வந்துவிடு.

இப்படிக்கு,
பொய் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கும் உன் அம்மா
ம. சந்தனமேரி