மூன்றாவது வட்டத்தில் உன் படம்

என் செல்லத்துக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, உன் அத்தை மூன்று பேரும் சுகம். நீயும் சுகம் என்று போனில் சொல்கிறாய், காய்ச்சலில் சுருண்டு கிடந்தாலும் நீ அப்படித்தான் சொல்வாய் என்று எனக்குத் தெரியும், அதனால் வாய்ச்சொல்லுக்கு இல்லாமல் உடம்பும் மனசும் நிஜமாகவே நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன். இந்தக் காலத்தில் போய்க் கடிதமா, அம்மாவுக்கு என்ன ஆச்சு என்று பதறாதே. நம் வீட்டில் போன் என்றால் ஸ்பீக்கர்தான், ஒரு பக்கம் அப்பா, ஒரு பக்கம் அத்தை, நடுவில் நான். மெசேஜ் அனுப்பலாம் என்றால் என் போனுக்குச் சார்ஜ் போடுவது உன் அப்பா, போடும்போதே படித்தும் விடுவார், குடும்பத்துக்குள்ள மறைக்க என்ன இருக்கு என்பார். போன ஞாயிற்றுக்கிழமை நீ, "நான் வரணுமாம்மா?" என்று கேட்டாய். நான் இருமுவது போல நடித்துவிட்டுப் போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அத்தை பல் டாக்டரிடம் போயிருக்கிறார். கடை நாற்காலியில் தபால் ஆபீஸ் அம்மா தலைக்கு டை பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், முப்பத்தைந்து நிமிடம் ஊற வேண்டும், இப்போதே கண்ணை மூடிவிட்டாள், அதற்குள் எவ்வளவு முடியுமோ அவ்வளவு எழுதுகிறேன்.

முதலில் நம் பார்லருக்கு இந்த வெப்சைட் வந்த கதையைக் கேள், உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். நம் தெருவிலேயே இரண்டு புது பார்லர் வந்துவிட்டது. இப்போது ஒரு புருவம் திருத்துவதற்குக்கூடப் போனில் தேடிப் பார்த்துவிட்டுத்தான் செருப்பை மாட்டுகிறார்கள், நம் கடையைத் தேடினால் கீழே இருக்கும் டயர் கடைதான் வருகிறது. அத்தைக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. வெப்சைட் போடுகிற ஒருவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். கல்யாண ஆல்பம் போட்டுக்கொண்டிருந்தவர், அந்தத் தொழில் படுத்ததும் இதற்கு வந்திருக்கிறார், எதைக் கேட்டாலும் பிரிவியூ பாருங்க மேடம் என்பார், அத்தை அவருக்குப் பிரிவியூ என்றே பேர் வைத்து முகத்துக்கு நேராகக் கூப்பிடுகிறார், அந்த மனுஷனும் திரும்பிப் பார்க்கிறார். தீம் என்று ஒன்று எடுக்க வேண்டுமாம். எனக்குப் புரிந்தவரை அது ரெடிமேட் சட்டை மாதிரி, நிறம் மாற்றலாம், பட்டன் மாற்றலாம், பை வைத்த இடத்தில்தான் பை. நாற்பது தீம் காட்டினார். நீதான் படிச்சவ, நீயே எடு என்றார் அத்தை. இந்தக் கடையில் துண்டின் நிறத்தைக்கூட நான் தேர்ந்தெடுத்ததில்லை, எனக்குத் தலைகால் புரியவில்லை. வாடிக்கைக்காரர்கள் இல்லாத நேரமெல்லாம் உட்கார்ந்து பார்த்தேன். ஒன்று பிடித்தது, வெளிர் நீலம், மேலே ஒரு ஜன்னல் படம், மீதி முழுக்க வெறும் இடம், பார்த்தால் மூச்சு விடத் தோன்றும். மூன்று நாள் அதையே திறந்து திறந்து பார்த்தேன். அத்தை ஒரு பார்வை பார்த்தார், ஆஸ்பத்திரிக்கு வந்த மாதிரி இருக்கு என்றார், முடிந்தது. பிறகு எடுத்தது அத்தைக்குப் பிடித்த ரோஸ், மேலிருந்து பூவிதழ் கொட்டிக்கொண்டே இருக்கும், உன் அப்பா ஆசைக்கு நம் போன் நம்பர் குறுக்கே ஓடும், பேர் மட்டும் நான் தேர்ந்தெடுத்ததாக. உங்கள் கதையை இங்கே எழுதவும் என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் என்ன எழுதலாம் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அத்தை தன் கதையைச் சொல்லி பிரிவியூவை எழுத வைத்துவிட்டார். அதில் நானும் வருகிறேன், கடைசி வரியில், மற்றும் குழுவினர் என்று.

இனிமேல் எழுதப்போவதை நீ கோபப்படாமல் படிக்க வேண்டும், கோபம் வந்தாலும் முழுக்கப் படிக்க வேண்டும். அந்தத் தீமில் எங்கள் குழு என்று ஒரு வரிசை, மூன்று வட்டம், ஒவ்வொன்றிலும் ஒரு முகம். அத்தை ஒன்று, நான் ஒன்று, மூன்றாவதுக்கு ஆள் இல்லை. அதில் தீமோடு வந்த யாரோ ஒரு பெண் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றாள். அவளை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு வெறும் தலை வருகிறது, வட்டத்தையே எடுத்தால் எங்கள் இரண்டு பேர் படமும் ஒரு ஓரமாகச் சரிந்து விழுகிறது. பிரிவியூ தலையைச் சொறிந்துகொண்டு, மூணு பேர்னுதான் மேடம் இதுல செஞ்சிருக்காங்க என்றார். அவர் போன பிறகு நான்தான் உட்கார்ந்து உன் படத்தைப் போட்டேன். ஆமாம், நான்தான். நீ வேலைக்குச் சேர்ந்த அன்று அனுப்பினாயே, நீலச் சட்டையில், அதுதான். அப்பாதானே போட்டாரு என்று நீ போனில் கத்தியபோது நான் பக்கத்தில்தான் நின்றேன், வாயைத் திறக்கவில்லை, அவரும் பாவம், சரி விடு, நான்தான் என்று பழியை வாங்கிக்கொண்டார். உன் முகம் அந்த வட்டத்துக்குள் அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தபோது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா. கீழே பதவி என்று கேட்டது, மணப்பெண் அலங்காரம் என்று அடித்தேன். நேரம் என்று கேட்டது, நான் எதையும் தொடவில்லை, அதுவாகவே வாரம் ஏழு நாளும், காலை பத்து முதல் இரவு ஏழு வரை என்று போட்டுக்கொண்டது. ஏழு நாளும் என் மகள் என்னோடு இருப்பாள் என்று எழுதியிருந்ததைப் படித்துப் படித்துப் பார்த்தேனே தவிர, அது ஊருக்கே தெரியும் என்று எனக்கு உறைக்கவில்லை.

ஒரே வாரத்தில் உன் பேரில் புக்கிங் வர ஆரம்பித்துவிட்டது. என் வட்டத்தை அழுத்தியவர்கள் இரண்டு பேர், உன் வட்டத்தை அழுத்தியவர்கள் பதினொரு பேர், அத்தையை ஒருவரும் தொடவில்லை, அதற்கு அவர் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. வந்தவர்களிடம் அவள் இன்னைக்கு வரலை, நான் செய்யட்டுமா என்று சமாளித்து முதுகு ஒடிந்துவிட்டது. பிறகு ஒரு கல்யாணப் பெண் அடுத்த மாதக் கடைசியில் முழு அலங்காரத்துக்கு உன் பேரில் நாள் குறித்துவிட்டாள். இரண்டு வருஷம் முன்னால் அவள் அக்காவுக்கு நீ செய்த கொண்டையை இன்னும் போனில் வைத்திருக்கிறாளாம். அதோடு நம் வீட்டில் எல்லோருக்கும் தலை சுற்ற ஆரம்பித்தது. அத்தை அதைப் புக்கிங்காகப் பார்க்கவில்லை, நீ வருவதாக எழுதிக் கொடுத்த மாதிரியே பார்த்தார். உன் அப்பா மாடி அறையில் கிடந்த பழைய பேப்பர், உடைந்த டிரையர் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு வெள்ளையடித்தார், ஜன்னலுக்குக் கொசுவலை அடித்தார். போன வாரம் மூன்றாவது நாற்காலி வந்து இறங்கியது, காலால் மிதித்தால் ஏறி இறங்கும் ரகம். அதை ஜன்னல் பக்கம் போட்டு மேலே பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் வைத்திருக்கிறார்கள், நீ வந்து பிரிக்க வேண்டுமாம். நான் ஒரு படத்தைப் போட்டேன், இவர்கள் உனக்கு நாற்காலியே போட்டுவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை உன் அப்பா உன்னிடம் எவ்வளவு பதமாகப் பேசினார் பார்த்தாயா, நிரந்தரமா வரச் சொல்லலைம்மா, ஒரு மாசம், அந்தக் கல்யாணம் முடியிற வரைக்கும் என்று.

அந்த ஒரு மாசத்தை எனக்கு நன்றாகத் தெரியும். உனக்கு அப்போது இரண்டு வயது. நில அளவை ஆபீசில் வரைபடம் போடும் வேலைக்கு எனக்கு உத்தரவு வந்திருந்தது, இதை உன்னிடம் நான் சொன்னதே இல்லை. அந்த வாரம்தான் அத்தை படியில் வழுக்கிக் கையை முறித்துக்கொண்டார். கட்டு பிரிக்கிற வரைக்கும் ஒரு மாசம் கடையைப் பாத்துக்கோம்மா என்று அழுதார். நிஜமாகவே அழுதார், நடிப்பு இல்லை. கட்டு பிரித்தார்கள், பிறகு விரல் மடங்கவில்லை, பிறகு கல்யாண சீசன், பிறகு உன் பள்ளிக்கூடம், இருபத்திமூன்று வருஷம் ஆகிவிட்டது, இன்னும் அந்த ஒரு மாசம் முடியவில்லை. வீடும் அத்தையுடையது, கடையும் அத்தையுடையது, நமக்கு ஆகாததை அவர் ஒருநாளும் செய்ததில்லை. அவர் கெட்டவராக இருந்திருந்தால் என்றைக்கோ சண்டை போட்டு வெளியே வந்திருப்பேன். நல்லவரிடம் எப்படிச் சண்டை போடுவது. பற்களுக்கு நடுவே நூலைக் கடித்துக்கொண்டு ஒரு நாளைக்கு முப்பது புருவம் திருத்துகிறேன், நூல் வாயில் இருக்கும்போது பேச முடியாது, எனக்கு அதுவே பழகிவிட்டது. நீ பின்னறையில் கவிழ்த்துப் போட்ட வாளி மேல் உட்கார்ந்து, மூச்சு முட்டுதும்மா என்று சொன்ன அன்று நான் உன்னைத் திட்டினேன். எனக்கு முட்டாத மூச்சு உனக்கு என்ன முட்டுகிறது என்று கேட்டேன். பொய். எனக்கும் முட்டியது, நீ சொல்லிவிட்டாயே என்றுதான் எனக்கு ஆத்திரம்.

சரி, இன்று காலை நான் செய்ததைச் சொல்கிறேன். உன் படத்தை மட்டும் எடுத்தால் உன் அப்பா மறுபடி போட்டுவிடுவார், பாஸ்வேர்ட் அவருக்கும் தெரிந்துவிட்டது. அதனால் அத்தை படியிறங்கியதும் பிரிவியூவுக்குப் போன் போட்டேன். குழு, வட்டம், முகம் எதுவுமே இல்லாத தீம் ஒன்று வேண்டும், இப்போதே வேண்டும் என்றேன். மஞ்சளில் ஒன்று இருக்கிறது, ஒரே பக்கம், கடைக்கு மட்டும்தான் புக்கிங், ஆனால் மாற்றினால் இதுவரை செய்த அலங்காரமெல்லாம் போய்விடும் மேடம், பூ, கதை, ஓடுற நம்பர் ஒன்றும் நிற்காது, பிரிவியூ பாத்துட்டு முடிவு பண்ணுங்க என்றார். பார்க்க வேண்டாம், மாற்றுங்கள் என்றேன். எனக்கு மஞ்சளே பிடிக்காது. மாற்றிவிட்டார், ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. உடனே அந்தக் கல்யாணப் பெண்ணைக் கூப்பிட்டு, அவள் இங்கே வேலை செய்யவில்லை, வரமாட்டாள், நான் செய்கிறேன், இல்லையென்றால் நல்ல இடமாக நானே சொல்கிறேன் என்றேன். அப்ப எதுக்கு ஆன்ட்டி அவங்க போட்டோ போட்டீங்க என்று கேட்டாள். பார்க்கணும் போல இருந்ததும்மா என்றேன். சரி, நீங்களே செய்யுங்க ஆன்ட்டி என்று வைத்துவிட்டாள்.

அத்தை வந்ததும் பூகம்பம்தான், வரட்டும். இதனால் எனக்கு விடுதலை கிடைத்துவிடும் என்றெல்லாம் நினைக்காதே, நான் நாளைக்கும் காலையில் கதவைத் திறப்பேன், நாளன்றைக்கும் திறப்பேன், ஐம்பத்திரண்டு வயதில் எந்த நில அளவை ஆபீஸ் என்னைக் கூப்பிடப்போகிறது. அதை நினைத்தால் எனக்கு அழுகை வருகிறது, கோபமும் வருகிறது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. உன் கேள்விக்குப் பதில் இதுதான். வராதே. ஒரு மாசத்துக்கும் வராதே, ஒரு வாரத்துக்கும் வராதே. அந்த நாற்காலியை அவர்கள் வேறு யாருக்காவது கொடுக்கட்டும், அந்த மாடி அறையில் வேறு யாராவது குடி வரட்டும், அதற்குப் பிறகு ஒரு நாள் திரும்பிப் போகிற டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு விருந்தாளியாக வா, உன்னைக் கட்டிக்கொள்கிறேன்.

தபால் ஆபீஸ் அம்மா விழித்துக்கொண்டாள், நெற்றியில் வழிகிறதாம், தலை அலச வேண்டும். கடிதத்தையும் அவளிடமே கொடுத்தனுப்புகிறேன், வீட்டு வாசலைத் தாண்டினால் போதும். நீ தண்ணீர் சோதிக்கிற இடத்தில் ஆசிட் கையாளும்போது கையுறையைக் கழற்றாதே, மதியச் சாப்பாட்டை நாலு மணிக்குத் தள்ளாதே, நீ அறை பகிர்ந்திருக்கிற அந்தப் பெண்ணோடு சின்ன விஷயத்துக்கெல்லாம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளாதே. கடிதம் வந்தது என்று போனில் உளறிவிடாதே, முடி கொட்டுதும்மா, என்ன எண்ணெய் போடலாம் என்று கேள், நான் புரிந்துகொள்வேன். உனக்குப் பிடித்த வேலையில் நீ நீண்ட நாள் நிமிர்ந்து நிற்க வேண்டும், நோய் நொடி அண்டாமல் இருக்க வேண்டும், இந்த அம்மாவின் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு.

ஒன்றை மட்டும் மறக்காதே. இன்றைக்கு எனக்குத் துணிச்சல் இருக்கிறது, என்றைக்கும் இருக்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். உடம்புக்கு முடியாமல் போகும்போது, இல்லை சும்மா ஒரு மத்தியானத்தில், நானே உனக்குப் போன் போட்டு வந்துடும்மா என்று அழுவேன், எனக்கு என்னைத் தெரியும். அன்றைக்கு இந்தக் கடிதத்தை எடுத்துப் படி. அழுகிறவளும் உன் அம்மாதான், இதை எழுதினவளும் உன் அம்மாதான். நீ எழுதினவள் பேச்சைக் கேள்.

என்றும் உன்னையே நினைத்திருக்கும்,
அம்மா