வெர்னாவின் டிரெய்லரும் என் பிக்கப்பும்

ஏப்ரல் 27, சனி

முற்றத்து மூலையில் கிடந்த கடைசிப் பனிக்குவியலும் கரைந்துவிட்டது. வெர்னா காலையிலேயே டிரெய்லரின் மேல் போர்த்தியிருந்த தார்ப்பாயை உருவி எடுத்துவிட்டாள். குளிர்காலம் முழுவதும் அதன் பக்கத்தில்தான் நடந்து போய் வந்தேன். ஒருநாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை. இன்று பார்த்தால் அது ஒரு வீடு. அடுப்பு, கட்டில், குளியலறை எல்லாம் உள்ள, சக்கரம் வைத்த வீடு.

"மே மாச லீவுக்கு மேட்ஜ் ஏரி. ஞாபகம் இருக்கட்டும்," என்றாள்.

"யார் ஓட்டுறது?"

"நான் பின்னாடி நின்னு கை காட்டுவேன். இருபது வருஷமா அதான் என் வேலை. ஓட்டுறது லாயிட் வேலை."

லாயிட் அவளுடைய முதல் கணவர். போய்ச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது. ஆக, வேலை காலியாக இருக்கிறது. போன அக்டோபரில் அவளைக் கல்யாணம் செய்துகொண்டபோது இந்த வேலையும் சேர்ந்தே வருகிறது என்று பாதிரியார் சொல்லவில்லை.

முப்பது வருடம் ரொட்டி சுட்டவன் நான். இழுத்துப் பழக்கமானது மாவு வண்டிதான்.

ஏப்ரல் 28, ஞாயிறு

டிரெய்லரை பிக்கப்பின் பின்னால் மாட்டிப் பார்த்தோம். அதன் மூக்கை பிக்கப்பின் பின்னால் துருத்திக்கொண்டிருக்கும் இரும்புக் குண்டின் மேல் இறக்கியதும் என் பிக்கப் பின்பக்கம் அப்படியே உட்கார்ந்துவிட்டது, சினைப் பசு மாதிரி. முன்பக்கம் வானத்தைப் பார்க்கிறது.

எதிர்வீட்டு கஸ் தன் ஷெட் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். அவனுக்கு வேறு வேலை கிடையாது.

"ஓரெஸ்ட், லைட்டைப் போட்டுடாதே. மேல போற விமானம் ஏதாச்சும் இறங்கிடப் போகுது!"

வெர்னா சிரித்தாள். பிறகு ஷெட்டுக்குள் போய் ஒரு பெட்டியை இழுத்து வந்தாள். உள்ளே கிரீஸ் பூசிய கனத்த இரும்புத் தலை ஒன்று, நீளமான இரண்டு கம்பிகள், ஒவ்வொரு கம்பியின் நுனியிலும் ஒரு சங்கிலி. எடையைப் பங்கிடும் கொக்கி. இது இல்லாமல் லாயிட் தெருமுனைக்குக்கூட வண்டியை எடுக்க மாட்டாராம்.

விஷயம் எனக்கு உடனே புரிந்தது, அதில் கொஞ்சம் பெருமைதான். கனத்த ரொட்டித் தட்டை விரல் நுனியில் பிடித்தால் மணிக்கட்டு ஒடியும். முழங்கை வரை உள்ளே விட்டுத் தாங்கினால் தோளும் கொஞ்சம் சுமக்கும். அவ்வளவுதான். பின்சக்கரத்தின் மேல் விழுகிற பாரத்தில் ஒரு பங்கை இந்தக் கம்பிகள் முன்சக்கரத்துக்கும் டிரெய்லருக்கும் தள்ளிவிடும்.

புரிவது வேறு, மாட்டுவது வேறு. நாளைக்கு.

மே 1, புதன்

கம்பிகளைக் கொக்கியின் தலையில் செருகியாயிற்று. சங்கிலியை டிரெய்லரின் சட்டத்தில் உள்ள கொக்கியில் மாட்டி, குழாயை நெம்புகோலாக வைத்து, மேலே தூக்கிப் பூட்ட வேண்டும். சங்கிலியில் ஒரு கண்ணிக்கு மட்டும் சிவப்பு நகப்பூச்சு பூசியிருக்கிறது. "அந்தக் கண்ணிதான். லாயிட் எப்பவும் அதுலதான் மாட்டுவார்," என்றாள் வெர்னா.

தூக்கினேன். பாதியில் குழாய் எகிறி வந்து கட்டைவிரலில் அடித்தது. உக்ரைனிய மொழியில் எனக்கு இத்தனை வார்த்தைகள் தெரியும் என்பது எனக்கே இன்றுதான் தெரிந்தது.

வெர்னா ஓடி வந்து விரலைப் பிடித்துப் பார்த்தாள். ஒடியவில்லை என்று தெரிந்ததும்தான் வாயைத் திறந்தாள்.

"முதல்ல மூக்கையும் வண்டியோட பின்பக்கத்தையும் ஜாக்கியால சேத்துத் தூக்கணும், ரொட்டிக்காரரே. அப்போ கம்பி தளந்து தானா வரும். இது என்ன மல்யுத்தமா, முறுக்கிக்கிட்டு நிக்கிறீங்க?"

"முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"நீங்கதான் 'எனக்குப் புரிஞ்சிடுச்சு, புரிஞ்சிடுச்சு'ன்னு சொன்னீங்களே."

சொன்னேன்தான்.

மே 2, வியாழன்

விரல் கத்தரிக்காய் நிறத்தில் இருக்கிறது. கஸ் அதைப் பார்ப்பதற்கென்றே தெருவைக் கடந்து வந்தான்.

மே 4, சனி

கண்காட்சி மைதானத்தில் ரிவர்ஸ் பழகினேன். வெர்னா பின்னால் நின்று கை காட்டினாள். இடது பக்கம் என்று அவள் காட்டுவது அவளுடைய இடதா, என்னுடைய இடதா, டிரெய்லருடைய இடதா? மூன்றுக்கும் தனித்தனியாகக் கை அசைக்கிறாள். மூன்றும் எனக்கு ஒரே மாதிரித்தான் தெரிகின்றன.

இரண்டு குப்பைத் தொட்டிகளைச் சாய்த்தேன். மூன்றாவதைத் தொடவில்லை. "நல்ல முன்னேற்றம்," என்றாள் முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல். வீட்டுக்கு வந்து கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்தாள். இந்தப் பெண்ணுக்காக நான் லாரிகூட ஓட்டுவேன்.

மே 5, ஞாயிறு

பயம் இன்னும் அடங்கவில்லை. எழுதினால் அடங்கும் என்று எழுதுகிறேன்.

நெடுஞ்சாலையில் முதல் ஓட்டம். கனோரா வரை போய்த் திரும்புவதாகத் திட்டம். ஏரிக்கு வேண்டிய சாமான்களையும் ஏற்றிவிட்டேன், உண்மையான எடையோடு பழகலாமே என்று. மேற்கிலிருந்து காற்று. கொஞ்ச தூரம் நன்றாகத்தான் போனது. வெர்னா சாக்ஸ் பின்னிக்கொண்டிருந்தாள்.

அப்போது தானிய லாரி ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. அதன் காற்று தள்ளியதும் டிரெய்லர் வாலை ஆட்ட ஆரம்பித்தது. முதலில் சின்னதாக, பிறகு பெரிதாக. பிக்கப்பே இடமும் வலமும் இழுபட்டது. கண்ணாடியில் பார்த்தால் அந்த வீடு ஒரு தடவை இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிறது, ஒரு தடவை அந்தப் பக்கம். என் கால் பிரேக்குக்குப் போய்விட்டது—

"பிரேக்கைத் தொடாதீங்க!"

வெர்னாதான். பின்னலைக் கீழே போட்டுவிட்டு, எட்டி, ஸ்டியரிங்குக்குக் கீழே, டிரெய்லரின் பிரேக்கை மட்டும் பிடிக்கிற சின்ன நெம்புகோலை அழுத்தினாள். அழுத்திக்கொண்டே இருந்தாள். ஆட்டம் குறைந்தது. நின்றது. ஓரங்கட்டினேன். வெர்னா குனிந்து, கீழே போட்ட பின்னலைத் தேடி எடுத்தாள்.

பிறகு சொன்னாள். "லாயிட் ஓட்டினா இப்படி ஆடவே ஆடாது."

அவ்வளவுதான் சொன்னாள். சத்தமாகக்கூட இல்லை. ஆனால் எனக்கு... சரி, லாயிட் ஓட்டினா ஆடாதும்மா. லாயிட் வண்டி பெருசு. லாயிட் கை பெருசு. லாயிட் குடுத்த வீடு, லாயிட் வாங்குன டிரெய்லர், லாயிட் பாத்து வெச்ச ஏரி. அப்புறம் நான் எதுக்கு வந்தேன் இங்க, ரொட்டி சுடவா?

எதையும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஊர்ந்து ஊர்ந்து வீட்டுக்கு வந்தோம். கஸ்கூட ஒன்றும் கேட்கவில்லை.

மே 6, திங்கள்

பேசவில்லை. அவளும் பேசவில்லை. பீட்ரூட் சூப் மிக நன்றாக இருந்தது. அதையும் சொல்லவில்லை.

மே 8, புதன்

வெர்னா நூலகத்துக்குப் போனதும் கொக்கியோடு வந்த கையேட்டை எடுத்துப் படித்தேன். பிறகு அளவு நாடாவை எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.

டிரெய்லர் இல்லாமல், பிக்கப்பின் முன்சக்கரத்துக்கு மேலே உள்ள விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளக்க வேண்டும். கம்பி போடாமல் டிரெய்லரை மாட்டி, மறுபடி அளக்க வேண்டும். கம்பி பூட்டியபின் மூன்றாவது தடவை. தூக்கிக்கொண்ட முன்பக்கம் பழைய உயரத்துக்கு ஏறக்குறைய இறங்கி வர வேண்டும். என் வண்டியில் சிவப்புக் கண்ணியில் பூட்டினால் கொஞ்சம்கூட இறங்கவில்லை. ஸ்டியரிங்குக்குத் திரும்புகிற முன்சக்கரங்கள் பாரமே இல்லாமல் தரையை ஒப்புக்குத் தொட்டுக்கொண்டிருக்கின்றன.

காரணம் எளிது. லாயிட்டின் பழைய வண்டி என் பிக்கப்பைவிட உயரம். கொக்கியின் தலை இன்னும் அந்த வண்டிக்காக இறக்கி வைத்தபடியே இருக்கிறது. அதை இரண்டு துளை மேலே ஏற்றி, கொஞ்சம் பின்னால் சாய்த்து, வேறு கண்ணியில் மாட்ட வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. அதை எழுத வெட்கமாக இருக்கிறது. மாவு மூட்டைகள், வார்ப்பிரும்புச் சட்டிகள், என் சின்ன ரொட்டி அடுப்பு, எல்லாவற்றையும் பின்கட்டிலுக்கு அடியில் திணித்து வைத்தது நான்தான். வால் கனத்து மூக்கு லேசானால் டிரெய்லர் ஆடாமல் என்ன செய்யும்? எல்லாவற்றையும் டிரெய்லரின் சக்கர அச்சுக்கு முன்னால் மாற்றினேன்.

தலையையும் ஏற்றிவிட்டேன். சங்கிலியில் கை வைக்கும்போதுதான்...

சிவப்பு இன்னும் பளபளப்பாக இருக்கிறது. லாயிட் குனிந்து உட்கார்ந்து பூசியிருப்பார். அதை நான் எப்படி மாற்றுவது? மாட்டாமலே விட்டுவிட்டு உள்ளே வந்தேன்.

மே 11, சனி

இன்றும் சங்கிலியைக் கையில் வைத்துக்கொண்டு டிரெய்லர் மூக்கருகே குந்தியிருந்தேன். வெர்னா இரண்டு காபியோடு வந்து நின்றாள்.

"நாலு நாளா அதை வெச்சுக்கிட்டு ஜெபமா பண்றீங்க?"

சொன்னேன். உயரம், துளை, அளவு எல்லாம் சொன்னேன். கடைசியில், "இந்தக் கண்ணியில மாட்டினா என் வண்டிக்குச் சரியா வராது வெர்னா. அடுத்ததுல மாட்டணும். ஆனா இது லாயிட் போட்ட அடையாளம். அதான் யோசிக்கிறேன்."

அவள் என்னைப் பார்த்த பார்வையை எப்படி எழுதுவது? குப்பைத் தொட்டியைச் சாய்த்த அன்று பார்த்தாளே, அதே பார்வை.

"லாயிட் போட்டதா? அவரா? ஒவ்வொரு வருஷமும் எந்தக் கண்ணின்னு மறந்துட்டு, இங்க நின்னு தெருவுக்கே கேக்குற மாதிரி கத்துவார். கஸ்ஸைக் கேட்டுப் பாருங்க. அந்தச் சத்தம் தாங்காம நான்தான் என் நகப்பூச்சை எடுத்துப் பூசினேன். நல்ல பூச்சு, பாட்டில் பூரா வீணாப் போச்சு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை. காபியைப் படிக்கட்டில் வைத்துவிட்டு என் பக்கத்திலேயே குந்தினாள்.

"அன்னைக்கு ரோட்டுல நான் சொன்னேனே. அது உங்களைக் குத்திக் காட்டச் சொன்னது இல்ல."

"பரவால்ல விடு."

"விட மாட்டேன், கேளுங்க. எனக்குப் பயம் வந்தா வாயில லாயிட்தான் வருவார். ஆஸ்பத்திரில எனக்கு ஊசி போட்டப்பவும் அவர் பேரைத்தான் சொன்னேன், அவர் செத்து நாலு வருஷம் ஆச்சு அப்போ. பழக்கம். அன்னைக்கு நான் ரொம்பப் பயந்துட்டேன் ஓரெஸ்ட். இன்னொருத்தரையும் தூக்கிக் குடுத்துட்டு உக்காந்திருக்க என்னால முடியாது."

வீங்கின கட்டைவிரலால் அவள் கையைத் தடவினேன், அவ்வளவுதான்.

"சரி, மாட்டுங்க," என்று எழுந்தாள். "ஜாக்கியை முதல்ல. இன்னொரு விரலும் கத்தரிக்காய் ஆச்சுன்னா மாவு யார் பிசையுறது?"

ஜாக்கியைச் சுற்றினேன். அடுத்த கண்ணியில் மாட்டினேன். சத்தமில்லாமல் பூட்டியது. அளந்து பார்த்தோம். முன்பக்கம் இறங்கியிருந்தது, கிட்டத்தட்ட பழைய இடத்துக்கே.

மே 12, ஞாயிறு

கனோரா போய் வந்தோம். காற்று இருந்தது. இரண்டு லாரிகள் தாண்டின. டிரெய்லர் லேசாகத் தோளைக் குலுக்கியது, பிறகு மறந்துவிட்டது. பிரேக் நெம்புகோலின் பக்கத்திலேயே கையை வைத்திருந்த வெர்னா திரும்பி வரும்போதுதான் பின்னலை எடுத்தாள்.

கஸ் கைதட்டினான். அவனுக்கு ஒரு ரொட்டி கொடுத்தேன். வாய்க்கும் கொஞ்ச நேரம் வேலை இருக்கட்டும்.

மே 17, வெள்ளி

ஏரிக்குப் போகிற வழியில், காம்சாக்கில் பெட்ரோல் போட நிறுத்தியிருக்கிறோம். வெர்னா கடைக்குள் போயிருக்கிறாள், ஐஸ் வாங்க. அதற்குள் இரண்டு வரி.

மழைத் தூறல், பக்கவாட்டுக் காற்று. ஒவ்வொரு லாரி வரும்போதும் வெர்னா என் தொடையில் கை வைக்கிறாள். "இது பயத்துல இல்ல, குளிருது," என்கிறாள். ஹீட்டர் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.

வரும் வழியில் ஒரு தடவை "ஓரெஸ்ட், லா—" என்று ஆரம்பித்து, "லாரி வருது," என்று முடித்தாள். திரும்பிப் பார்த்தேன். உண்மையாகவே லாரி வந்துகொண்டிருந்தது.

மே 18, சனி

ஏரியில் ஓரங்களில் இன்னும் பனிக்கட்டி மிதக்கிறது. முட்டை பொரிகிற வாசனை. இன்றைக்கு எழுத ஒன்றும் இல்லை, நேற்று நடந்ததைத் தவிர.

ஏரிக்கரை முகாமில் எங்களுக்கு ஒதுக்கிய இடத்தில் டிரெய்லரை ரிவர்ஸில் விட்டேன். மூன்று தடவையில் உள்ளே போய்விட்டது, ஒரு மரமும் சாகவில்லை. இறங்கும்போது பக்கத்து டிரெய்லரிலிருந்து ஓர் உயரமான ஆள் கையுறையை மாட்டிக்கொண்டே வந்தார். கார்ல். அந்த இடத்துக்கு வருடா வருடம் வருகிறவர், லாயிட்டோடு மீன் பிடித்தவர். வெர்னாவை அணைத்துக்கொண்டார். என்னை ஒரு தடவை மேலிருந்து கீழே பார்த்துக் கை கொடுத்தார். நேராகக் கொக்கியிடம் போனார்.

"நீங்க விடுங்க, நான் கழட்டுறேன்," என்றார். "லாயிட்டுக்கும் நான்தான் கழட்டிக் குடுப்பேன். இந்தக் கம்பி ஆளையே அடிச்சுப் போட்டுடும்."

வெர்னா தட்டுகளை எடுத்து மேசையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். தலையைத் திருப்பக்கூட இல்லை.

"நீ வந்து உக்காரு கார்ல், காபி ஊத்துறேன். எங்க வீட்டுக்காரர் பாத்துக்குவார்."

கார்ல் கையுறையைக் கழற்றிவிட்டு மேசைக்குப் போனார்.

நான் ஜாக்கியைச் சுற்ற ஆரம்பித்தேன். சுற்றினேன், சுற்றினேன், சுற்றிக்கொண்டே இருந்தேன். கம்பி எப்போதோ தளர்ந்துவிட்டது. பிக்கப்பின் பின்சக்கரங்கள் தரையை விட்டே எழும்பப் பார்த்தன.

"போதும், போதும்," என்றாள் வெர்னா அங்கிருந்தே. "அதுக்குன்னு தலைகால் புரியாம தூக்காதீங்க."