செம்பூர் நறுவிலி

12 ஏப்ரல் 1968
சுவரோரத்து நறுவிலி கொத்துக் கொத்தாகக் காய்த்திருக்கிறது. எதிர்வீட்டுக் குசும்தாயி இதை மராத்தியில் போகர் என்பாள். வருஷா வருஷம் இருவரும் உட்கார்ந்து காயை உடைத்து, உப்பில் தோய்த்த விரலால் கொட்டையை எடுத்து ஊறுகாய் போடுவோம். அந்தப் பிசின் கையை விட்டுப் போக நாழியாகும். அப்படித்தான் எனக்கு மராத்தி வந்தது, அவளுக்குக் கொஞ்சம் தமிழ். எப்போது பறிக்கலாம் என்று நேற்று கேட்டால், "பார்ப்போம்" என்று உள்ளே போய்விட்டாள். ஏன்?

19 ஏப்ரல்
ஸ்டேஷன் பக்கம் நம்மவர் ஹோட்டலில் மராத்திப் பையன்கள் கண்ணாடியை உடைத்துவிட்டார்களாம். மதராஸிகள் ஊரைவிட்டுப் போகணுமாம். இவர் ஆபீஸிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுமுன்பே மாட்டுங்காவில் வீடு பார்க்கப்போவதாகச் சொன்னார். "அங்கே நம்ம மனுஷா நடுவுல இருக்கலாம், கோமதி."
இத்தனை வருஷமாக நான் யார் நடுவில் இருந்தேனாம்?

20 ஏப்ரல்
எதிலும் மனம் நிற்கவில்லை. ரசத்தில் இரண்டு தரம் உப்பு.

27 ஏப்ரல்
இனி விட்டால் காய் பழுத்துவிடும், ஊறுகாய்க்கு ஆகாது. தொரட்டியை எடுத்துக்கொண்டு நானே போனேன். மரத்தடியில் குசும்தாயியின் மகன் விலாஸ், சிநேகிதர்களோடு. நான் இடுப்பில் தூக்கி வைத்துச் சோறூட்டிய பிள்ளை. யாரும் விலகவில்லை. எனக்கு மராத்தி புரியாதென்று நினைத்து ஒருவன் ஒரு வார்த்தை சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள் — விலாஸும். திரும்பி வந்துவிட்டேன். நான் எதுக்கு வெறுங்கையோட திரும்பணும்? மரம் என்ன அவா அப்பன் சொத்தா?

3 மே
மத்தியானம் குசும்தாயியே வந்தாள், மடி நிறைய நறுவிலிக் காயோடு. வழக்கம்போல உட்கார்ந்து உடைத்தோம், மராத்தியில் ஏதேதோ பேசினோம். மாட்டுங்கா வேண்டாம் என்று இவரிடம் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். அப்போது படியில் விலாஸின் குரல் கேட்டது. சட்டென்று அவள் தமிழுக்கு மாறினாள்.
"கோமதி, நீ போ. ராத்திரி அவங்க பேசறது நான் கேக்குது. என் பையன் ஒண்ணும் பண்ண மாட்டான்னு எனக்கு சொல்ல முடியலை."
இருவர் விரலிலும் பிசின். கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட முடியவில்லை.

4 மே
இவரிடம் சரி என்றேன். காரணம் சொல்லவில்லை.

16 ஜூன், மாட்டுங்கா
மழை பிடித்துக்கொண்டது. இங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் தமிழ். இவர் நிம்மதியாகத் தூங்குகிறார். இன்று மாடிவீட்டு மாமி வந்து, மராத்திக்காரர்கள் எல்லோருமே இப்படித்தான் என்று ஆரம்பித்தாள். "இல்லை மாமி" என்றேன். குசும்தாயியைப் பற்றிச் சொல்லப்போனால் விலாஸைப் பற்றியும் சொல்லவேண்டிவரும். பால் பொங்குகிறது என்று சொல்லி எழுந்துவிட்டேன். அடுப்பு பற்றவைக்கவே இல்லை.