உப்பு போட்டவள் எழுதுகிறேன்

என் உயிரான ஜெனி அப்பாவுக்கு,

அங்கே உங்களுக்கு எப்படி இருக்கிறதோ, எனக்குத் தெரியாது. இங்கே காலையிலிருந்து நான் அடுப்புகூடப் பற்றவைக்கவில்லை. மீன் வைக்கிற தெர்மாகோல் பெட்டியில் மண் போட்டு, மொட்டைமாடியில் நீங்கள் வளர்த்த பருப்புக்கீரையை நான் வாடவிடவில்லை. அதைத் தின்று வளர்ந்த புழு ஒன்று பெட்டி ஓரத்தில் கூடு கட்டியிருந்தது. இன்று விடிந்ததும் அந்தக் கூடு திறந்து ஒரு வண்ணத்துப்பூச்சி வந்தது.

இடப்பக்கச் சிறகு கருப்பு, நடுவில் வெள்ளை வட்டம். வலப்பக்கம் முழுக்க ஆரஞ்சு. இந்த வகையில் கருப்புதான் ஆண், ஆரஞ்சுதான் பெண்; இது பாதி ஆண், பாதி பெண். நீங்கள் அன்றைக்குக் கொண்டுவந்த அதே தினுசுதான், ஜெனி அப்பா. நீங்கள் போய் ஒன்பது மாதம் கழித்தா இது வரவேண்டும்?

"ஐயோ, பாக்க வேண்டிய மனுசன் இல்லையே!" என்று கத்திவிட்டேன். துணி காயப்போட வந்த அடுத்த வீட்டு மேரி ஓடிவந்து பார்த்தாள். "ஏக்கா, இதுக்கு யாரு பெயிண்ட் அடிச்சா?" என்றாள். கண்ணெதிரே உயிரோடு உட்கார்ந்திருக்கிறது, அப்படியும் நம்பவில்லை. அப்புறம் அன்றைக்கு நீங்கள் எடுத்த படத்தை யார் நம்புவார்கள்?

ஆறு வருடத்துக்கு முன்னால் நீங்கள் துறைமுகத்தில் டூட்டி முடித்து, டிபன் டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்த நாள் நினைவிருக்கிறதா? "ஏளா செலின், ஓடி வா! ஒரு பக்கம் ஆம்பள, ஒரு பக்கம் பொம்பள! லட்சத்துல ஒண்ணு கெடைக்காது!" என்று வாசலிலேயே சத்தம் போட்டீர்கள். நான் எட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பூச்சியப் பிச்சு ஒட்டிக் கொண்டாந்துட்டீங்களா?" என்றேன். ஊர் சொல்லும் முன்னால் அந்த வார்த்தையைச் சொன்ன வாய் இந்த வாய்தான்.

"ஒட்டல்லாம் இல்லளா, பொறப்பே இப்படித்தான்" என்று சிரித்தீர்கள். முட்டையிலேயே இப்படி ஆகிவிடுமாம். நடுவில் கோடு கிழித்ததுபோல் ஒரு பாதி ஆணாகவும் மறு பாதி பெண்ணாகவும் வளருமாம். எனக்குப் பாதி புரிந்தது. உங்கள் முகத்தில் இருந்த சந்தோசம் மட்டும் முழுசாகப் புரிந்தது.

இரண்டாம் நாள் அது செத்துப்போனது. அதை ஒரு டப்பாவில் வைத்து, "அந்துருண்ட போட்டு மூடி வையி, கெட்டுப்போயிரப்படாது" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனீர்கள். வீட்டில் அந்துருண்டை இல்லை. நான் கருவாடு போட்ட வீட்டில் பிறந்தவள். எது கெடாமல் இருக்க வேண்டுமென்றாலும் எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஒரு கை கல்லுப்பை அள்ளிப் போட்டு மூடினேன், பெரிய காரியம் செய்த மாதிரி!

அது மழை மாசம். உப்பு தண்ணி விட்டுவிட்டது. உப்பு போட்ட மூன்றாம் நாள் நீங்கள் திறந்தபோது சிறகெல்லாம் கரைந்து கருப்புச் சேறாகக் கிடந்தது. "கருவாடு போட்டுட்டியேளா" என்றீர்கள். அவ்வளவுதான். என்னை அடித்திருக்கலாம், ஏசியிருக்கலாம். டப்பாவை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனீர்கள்.

ஞாயிறுதோறும் நீங்கள் சேர்ந்து போகிற, பூச்சி பார்க்கிற குழுவில், நீங்கள் எடுத்த படத்தைப் பார்த்தவர்கள் பூச்சி எங்கே என்று கேட்டார்கள். "தொலஞ்சு போச்சு" என்றீர்கள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. படத்தை வெட்டி ஒட்டியிருக்கிறார் என்று சொல்லிவிட்டார்கள். டீக்கடை வரைக்கும் அது பரவியது. "ஏலே, ஒட்டுப்பூச்சி அண்ணாச்சி வாராரு, ஒரு டீ போடு!" நீங்களும் கூடச் சேர்ந்து சிரித்தீர்கள். ஆனால் அதற்குப் பிறகு ஒரு ஞாயிறுகூட அந்தக் குழுவோடு நீங்கள் போகவில்லை. கல்லறைத் தோட்டத்தில் உங்கள் மேல் மண் விழும்போது எனக்குப் பின்னால் ஒருவர், "ஒட்டுப்பூச்சியும் போயிட்டாரு, பாவம்" என்றார். அப்போதும் நான் திரும்பி ஒரு வார்த்தை பேசவில்லை.

இன்று அந்தக் குழுவின் தலைவருக்குப் போன் போட்டேன். "படம் வேண்டாம்மா, இப்ப செல்போன்ல எதையும் செஞ்சிரலாம். நான் ஊருக்கு வர பத்து நாளாவும். உயிரோட வச்சா அடிச்சுக்கிட்டு செறகு தூளாயிரும். டப்பாவுல போட்டு ஃப்ரீசர்ல வச்சிருங்க. உடம்பு இருந்தா எங்க பத்திரிகைல உங்க வீட்டு சாரு பேர நானே எழுதுதேன்" என்றார்.

வைத்தேன், ஜெனி அப்பா. ஃப்ரீசர் கதவைச் சாத்திவிட்டு, கையை அதன் மேலேயே வைத்துக்கொண்டு அருள் நிறைந்த மரியே செபம் சொல்ல ஆரம்பித்தேன். இது செத்தால் உங்கள் பேர் பிழைக்கும். எனக்கு வேறு என்ன வேண்டும்? ஆனால் பாதி செபத்தில் நிறுத்திவிட்டேன். ஜெனி குவைத்திலிருந்து வரும்வரை இரண்டு நாள் உங்களைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தோமே. "குளிரும்யா, தெறந்து விடுங்க" என்று நான் கெஞ்சியதை யாரும் கேட்கவில்லை. இந்தப் பெட்டியைத் திறக்க யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. திறந்துவிட்டேன்.

ஒருச்சாய்ந்து கிடந்தது. வெயிலில் கொண்டுபோய் உள்ளங்கையில் வைத்து ஊதினேன். "எந்திரி, எந்தாயி, எந்திரி" என்று பைத்தியக்காரி மாதிரி அழுதேன். வெகுநேரம் கழித்து ஒரு கால் அசைந்தது. பிறகு விரலில் ஏறியது. பிறகு, முருங்கை மரத்தைத் தாண்டிப் போயே போய்விட்டது. இனி என் கையில் ஒன்றுமே இல்லை. பூச்சி இல்லை, சாட்சி இல்லை, நீங்களும் இல்லை. நான் செய்தது சரியா? ஒரு தடவை கனவிலாவது வந்து சொல்லக்கூடாதா?

இந்தக் கடிதத்தை அவர்களுடைய பத்திரிகைக்கே அனுப்புகிறேன். வருகிற ஞாயிறு அவர்கள் கூடுகிற இடத்துக்கு நேரிலும் போவேன். "ஆறு வருசமா ஏன் வாயத் தொறக்கல?" என்று கேட்பார்கள். பூச்சிக்கு உப்பு போட்டவள் என்று ஊர் சிரிக்குமே என்று பயந்தேன், என் புருசன் பேரைவிட என் மானம் எனக்குப் பெரிதாக இருந்தது என்று அத்தனை பேர் முன்னாலும் சொல்வேன். சத்தியமாகச் சொல்வேன்.

உங்கள் மனைவி,
செலின்