உன் வயலை அடைத்துக்கொண்டு நிற்கிறேன்

காலையில் உன் வயலில் இறங்கியதும் அந்த வாசனை மூக்கில் ஏறியது. சேறு காய்ந்து மெல்லிசாக வெடிப்பு விடும்போது வருமே, அது. உனக்குப் பிடித்த வாசனை. எனக்கு ஆகவே ஆகாது. நெல்வயலில் தண்ணீர் நிற்காமல் கிடந்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல்தான். நீ போய்ச் சேர்ந்துவிட்டாய் என்பதற்காக அதை மாற்றிச் சொல்ல மாட்டேன்.

வாய்க்கால் தண்ணீர் முதலில் உன் வயலில் ஏறி, மடை வழியாக எனக்கு வரும்; என்னிடமிருந்து கீழே கவிதாவின் வயலுக்குப் போகும். நீயோ காயவிட்டுக் காயவிட்டுத்தான் பாய்ச்சுவாய். நீ வாய்க்கால் மடையை அடைத்தால் எங்களுக்கும் அடைப்பு. அதற்காக வரப்பில் நின்று எவ்வளவு கத்தியிருக்கிறோம்.

"வந்த தண்ணியெல்லாம் நமக்கேவாடா? கடைமடையில ஒருத்தன் வாய்க்காலையே பாத்துக்கிட்டு நிக்கிறான்" என்பாய்.

"ஆத்துல தண்ணி வர்றதே எப்பவோ. வந்தப்ப தேக்கி வச்சாத்தான் பூமியில ஊறும். நண்டு, தவளை, கொக்கெல்லாம் எங்க போகும்? உன் வீட்டுக்கா?"

"வரட்டும், சோறு போடறேன்" என்று சிரிப்பாய். உன் மூஞ்சியிலேயே முழிக்கக் கூடாது என்று கிளம்புவேன். சாயங்காலம் திருக்காட்டுப்பள்ளி கடைத்தெருவில் உன்னோடுதான் டீ குடிப்பேன். வேறு யார் இருந்தார்கள் எனக்கு?

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு, "வயல நீயே பாரு. ஆனா நான் பண்ற மாதிரியே பண்ணணும்" என்றாய். என்னிடமா சொல்கிறாய் என்று திகைத்துப்போனேன்.

"வேற எவன்கிட்ட குடுத்தாலும் தலையை ஆட்டிட்டு தண்ணியத் தேக்கிடுவான். நீ என்னைத் திட்டிக்கிட்டே பண்ணிடுவ."

உன்னைப் பேசாமல் படுக்க வைக்கத்தான் சரி என்றேன். அந்தச் சரியில் என்னை மாட்டிவிட்டுப் போய்விட்டாய், பாவி. உன் சம்சாரமும் அதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றார்கள்.

இன்று கவிதா வந்தாள். முந்தி நட்டவள், அவள் பயிரில் கதிர் வெளியே வரும் நேரம். இப்போது காய்ந்தால் எல்லாம் பதராகிவிடும். நாளையோடு நம் வாய்க்காலுக்கு முறை முடிகிறது, அப்புறம் எப்போது விடுவார்களோ தெரியாது.

"மாமா, அவங்க இருந்தப்ப எனக்கும் சேத்து நீங்கதான் சண்டை போட்டீங்க. இப்ப நீங்களே அடைச்சு வச்சா நான் யார்கிட்ட போறது?"

பதில் சொல்ல வாயைத் திறந்தால் உன் பேச்சுதான் வருகிறது. "கடைமடையில இருக்கறவங்களையும் நெனைக்கணும்லம்மா."

"எனக்கு என் வயல்தான் மாமா கடைமடை" என்றாள். கோபம்கூட இல்லை, அலுப்பாகத்தான் சொன்னாள். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. காலையில் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

என்ன சொல்வது? திறந்தால் உனக்குக் கொடுத்த வாக்குப் போச்சு. திறக்காவிட்டால் அந்தப் பெண்ணின் பயிர் போச்சு. மண்வெட்டியோடு மடையருகே நின்று உன்னைத் திட்டித் தீர்த்தேன்.

உன்னோடு சண்டை போட்ட காலத்தில் எனக்கு ஒரு சௌகரியம் இருந்தது. உன் பக்கத்தை நீயே பேசிவிடுவாய். என் பக்கத்தை மட்டும் நான் பேசினால் போதும். இப்போது இரண்டையும் நானேதான் பேசுகிறேன், இரண்டும் சரியாகத்தான் படுகிறது.